ஸ்கீமா பெருசானா டிப்ளாய் ஏன் விழுது: மெமரி, நேரம், எண்ணிக்கைன்னு மூணு வரம்பு

அதே கோடு, அதே டேட்டாபேஸ், லேப்டாப்ல எந்தத் தகராறும் இல்லாம ஓடுது. கிளவுட்ல ஏத்தினா, அதாவது டிப்ளாய் பண்ணா, ரெண்டே நிமிஷத்துல பாட் (அங்க ஆப் ஓடுற பெட்டி) விழுந்துடுது. லாக்க தொறந்து பாத்தா எரர்னு ஒரு வரி கூட இல்ல, இல்லன்னா சம்பந்தமே இல்லாத ஏதோ ஒண்ணு இருக்கு. மெமரிய ரெண்டு மடங்கா ஏத்தினதும் சரியாயிடுது, எல்லாரும் நிம்மதியா வேற வேலைக்குப் போயிடுறாங்க, அப்புறம் இன்னும் ஒரு முப்பது டேபிள் சேர்ந்ததும் திரும்ப அதே இடத்துல வந்து நிக்குது.

இதுல நெறைய பேர் மாட்டிக்கிறதுக்குக் காரணம், "ரிசோர்ஸ் லிமிட்"னு ஒரே பேர்ல மூணு வேற வேற விஷயத்தச் சொல்றோம். மெமரி ஒண்ணு, நேரம் ஒண்ணு, எண்ணிக்கை ஒண்ணு. பெரிய ஸ்கீமா இந்த மூணையும் தனித்தனியா தொடும், அதுவும் டிப்ளாயோட ஒவ்வொரு கட்டத்துலயும் வேற வேற விதமா. எது தட்டுச்சுன்னு தெரியாம மெமரிய மட்டும் ஏத்திட்டே போறது, காய்ச்சல் எதனாலன்னு பாக்காம மாத்திரை போடுற மாதிரிதான். அடிப்படைல இருந்து வருவோம்.

## பெரிய டேட்டாபேஸ் வேற, பெரிய ஸ்கீமா வேற

ஒரே டேபிள்ல பத்து கோடி ரோ இருந்தா அது பெரிய டேட்டா. ஆனா ஆப் ஸ்டார்ட் ஆகும்போது அந்தப் பத்து கோடி ரோவ யாரும் படிக்கப் போறதில்ல, அதனால டிப்ளாய்க்கு அது பெரும்பாலும் ஒரு பொருட்டே இல்ல.

ஸ்கீமான்னா அமைப்பு. எத்தன டேபிள், ஒவ்வொண்ணுலயும் எத்தன நெடுவரிசை, எத்தன இன்டெக்ஸ், எத்தன ஃபாரின் கீ, வியூ, ட்ரிக்கர். இது ரொம்ப வளர்ந்தா, உள்ள ஒரு ரோ கூட இல்லாத காலி டேட்டாபேஸா இருந்தாலும் டிப்ளாய் விழும். காலி டேட்டாபேஸ்ல டெஸ்ட் பண்ணி "டேட்டாவே இல்லையே, இதுல எப்படி மெமரி பத்தாம போகும்"னு குழம்புறவங்களுக்கு பதில் இதுதான்.

ஸ்கீமா எப்படி இவ்ளோ பெருசாகுதுன்னா, ஒரு வழி வருஷக்கணக்கா டேபிள் சேர்ந்துட்டே போறது. இன்னொரு வழி இன்னும் வேகமானது: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ஸ்கீமா கொடுக்குற டிசைன். 40 டேபிள் உள்ள சின்ன ஆப்தான், 400 வாடிக்கையாளர் வந்துட்டா 16,000 டேபிள். கோடு எழுதுறவர் கண்ணுக்கு அது இன்னும் 40 டேபிளாவே தெரியும், டேட்டாபேஸுக்கு அப்படி இல்ல.

## வரம்ப யாரு போடுறாங்க

லேப்டாப்ல ஓடுற ப்ராசஸுக்கு பொதுவா யாரும் தனியா வரம்பு போடுறதில்ல. 16 ஜிபி இருந்தா தேவைக்கு எடுத்துக்கும், எட்டு கோரும் கும்மாளமா ஓடும். கிளவுட்ல உங்க ஆப் ஒரு கன்டெய்னருக்குள்ள (தனியா அடைச்சு ஓட்டுற பெட்டி) இருக்கு, அதுக்கு லினக்ஸோட மையப் பகுதியான கர்னல் 'சிகுரூப்'னு ஒரு வசதி மூலமா கணக்குப் பாத்து வரம்பு போடுது. இதுல மெமரியும் சிபியூவும் நடந்துக்குற விதம் ஒண்ணுக்கொண்ணு நேரெதிர்.

1. மெமரி வரம்பத் தாண்டினா கர்னல் ப்ராசஸக் கொன்னுடும். அனுப்புற சிக்னல் நம்பர் 9. அத எந்த ப்ரோக்ராமும் பிடிச்சு நிறுத்த முடியாது, கடைசியா ஒரு வரி எழுதக் கூட அவகாசம் கிடைக்காது. லாக்ல எரரே இல்லாம திடீர்னு எல்லாம் நின்னு போறது இதனாலதான்.

2. சிபியூ வரம்பத் தாண்டினா சாவு இல்ல, குரல்வளையப் பிடிக்கும். கன்டெய்னர்கள ஓட்டி நிர்வகிக்கிற குபர்னெட்டிஸ்ல வழக்கமான கணக்கு 100 மில்லிசெகண்ட் கொண்ட ஒரு சுற்று. 0.2 சிபியூ கொடுத்திருந்தீங்கன்னா ஒவ்வொரு சுற்றுலயும் 20 மில்லிசெகண்ட் ஓடலாம், மீதி 80 சும்மா நிக்கணும். ஆப் மெதுவாகும், அவ்ளோதான், ஆனா அந்த மெதுவே வேற ஒரு வரம்ப, அதாவது நேரத்த, போய் தட்டும்.

சர்வர நாம பாத்துக்காம கோட மட்டும் ஏத்தி ஓட்டுற ஏடபிள்யூஎஸ் லாம்டால இது இன்னும் மறைமுகமா இருக்கு. அங்க சிபியூன்னு தனியா எதையும் கேக்க முடியாது, மெமரிக்கு ஏத்த மாதிரி சிபியூ வரும், 1,769 எம்பி கொடுத்தாதான் முழுசா ஒரு சிபியூ. அதனால அங்க மெமரிய ஏத்தினதும் பிரச்சன தீர்ந்துச்சுன்னா, உண்மைல பத்தாம இருந்தது மெமரியா சிபியூவான்னு அத மட்டும் வெச்சு சொல்லிட முடியாது.

## எந்தெந்த கட்டத்துல விழும்

### பில்ட்

டேபிள்கள வெச்சு கோட ஜெனரேட் பண்ற டூல் பயன்படுத்துறீங்கன்னா, நூத்துக்கணக்கான டேபிள்னா ஜெனரேட் ஆகுற டைப் ஃபைல் பிரம்மாண்டமா வரும். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் அத்தனையையும் மெமரில ஏத்தி, ஒண்ணுக்கொண்ணு உள்ள உறவ சரிபாக்கணும். பில்ட் மெஷின் சின்னதா இருந்தா "கில்டு"னு ஒத்த வார்த்தையோட முடிஞ்சிடும். அந்தக் கம்பைலர ஓட்டுற நோட்.ஜேஎஸ்ஸுக்குன்னு தனியா ஒரு ஹீப் (ப்ரோக்ராம் தன்னோட டேட்டாவ வைக்கிற மெமரி) வரம்பும் இருக்கு, அது பத்தலன்னா "ஹீப் அவுட் ஆஃப் மெமரி"ன்னு தெளிவா சொல்லிட்டுதான் சாகும். முதல்து மெஷின் பத்தல, ரெண்டாவது நோடோட செட்டிங் பத்தல. ரெண்டும் வேற, மருந்தும் வேற.

பேக்கேஜ் சைஸும் இங்கதான் உதைக்கும். லாம்டால ஜிப்பா ஏத்துனா, பிரிச்ச பிறகு லேயர் எல்லாம் சேத்து 250 எம்பிக்குள்ள இருக்கணும், கன்டெய்னர் இமேஜா ஏத்துனா 10 ஜிபி வரைக்கும் விடுவாங்க.

### டெம்ப்ளேட் ஏத்துறது

டெம்ப்ளேட்னா கிளவுட்ல என்னென்ன வேணும்னு எழுதிக் கொடுக்குற ஃபைல். இங்க இருக்குறது எண்ணிக்கை, ஃபைல் சைஸ் வரம்பு, மெமரி எவ்ளோ கொட்டினாலும் இதுக்கு உதவாது.

1. ஏடபிள்யூஎஸ் கிளவுட்ஃபார்மேஷன்ல ஒரு ஸ்டாக்குக்கு (ஒரு டெம்ப்ளேட்ல இருந்து உருவாகுற தொகுப்பு) 500 ரிசோர்ஸ்தான். 2020 வரைக்கும் அது 200ஆ இருந்துச்சு. கிராஃப்கியூஎல் ஸ்கீமாவ கொடுத்தா டேபிள் எல்லாம் அதுவே உருவாக்கித் தர்ற டூல்கள்ல, நீங்க எழுதுறது ஒரே ஒரு டைப், பின்னாடி அது ஒரு டேபிள், ஒரு டேட்டா சோர்ஸ், ஒரு ரோல், படிக்க எழுத அழிக்கன்னு வரிசையா ரிசால்வர்னு விரியும். டைப்புக்கு 12 ரிசோர்ஸ்னு வெச்சுக்கிட்டா 41 டைப் வரைக்கும் 492, ஓகே. 42வது டைப்ப சேத்ததும் 504, டிப்ளாய் நிராகரிப்பு. அந்த 42வது டைப்ல தப்பு இருக்கோன்னு தேடுனா எதுவும் கிடைக்காது, ஏன்னா அதுல தப்பே இல்ல. இதுக்கு வழி ஸ்டாக்க உள்ஸ்டாக்குகளா பிரிக்கிறது.

2. குபர்னெட்டிஸ்ல செட்டிங், ஃபைல் எல்லாம் வைக்கிற கன்ஃபிக்மேப் 1 எம்பிக்கு மேல போகக் கூடாது. மொத்த ஸ்கீமா எஸ்கியூஎல் ஃபைலையும் கன்ஃபிக்மேப்ல போட்டு மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்ப மாத்துற வேலை) ஓட்டுறவங்க இங்க மாட்டுவாங்க. இதுல இன்னொரு பொறியும் இருக்கு: சாதாரண 'அப்ளை' கமாண்ட், ஏத்தினதோட ஒரு காப்பிய அனோட்டேஷன்ல, அதாவது கூடவே ஒட்டி வைக்கிற குறிப்புல, வெச்சுக்கும், அனோட்டேஷனுக்கு வரம்பு 262,144 பைட். அதனால 300 கேபி ஃபைல் கூட, 1 எம்பிக்கு எவ்ளவோ கீழ இருந்தும், விழும். சர்வர் பக்கம் அப்ளை பண்ற முறைல இந்தத் தொல்லை இல்ல.

3. குபர்னெட்டிஸ்ல ஆப்ப 'சார்ட்'ங்கற பேக்கேஜா ஏத்துற டூல் ஹெல்ம், தன்னோட ரிலீஸ் விவரத்த சீக்ரெட்ல (ரகசியங்களுக்கான கன்ஃபிக்மேப் மாதிரி) சேமிக்கிறது, அதுக்கும் அதே 1 எம்பி வரம்புதான். சுருக்கித்தான் வைக்கும்னாலும், சார்ட்டுக்குள்ள மைக்ரேஷன் ஃபைல்கள வருஷக்கணக்கா சேத்துட்டே போனா ஒரு நாள் முட்டும்.

### மைக்ரேஷன்

இங்க கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா எரர் மெசேஜ் ரொம்ப நேர்த்தியா தப்பான திசைல அனுப்பி வைக்கிற இடம் இது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஒரு டேபிளத் தொடுற ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனும் (மொத்தமா நடக்குற, இல்லன்னா மொத்தமா ரத்தாகுற வேலைத் தொகுப்பு) அந்த டேபிள் மேல ஒரு பூட்டு போடும். படிக்கறதுக்கு மட்டும்னா லேசான பூட்டு, அமைப்ப மாத்தறதுக்குன்னா முழுப் பூட்டு. இந்தப் பூட்டுகள எழுதி வைக்க ஷேர்டு மெமரில ஒரு பட்டியல் இருக்கு, அதோட அளவு டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆகும்போதே தீர்மானமாயிடும். டிரான்ஸாக்ஷன் ஒண்ணுக்கு 64 பூட்டு, அத அதிகபட்ச கனெக்ஷன் எண்ணிக்கையால, அதாவது 100ஆல பெருக்கினா 6,400. இது ரெண்டுமே டிஃபால்ட் மதிப்பு. மொத்தப் பட்டியலும் எல்லாருக்கும் பொது, அதனால ஒரே டிரான்ஸாக்ஷன் 64க்கு மேல எடுக்கலாம், பட்டியல்ல இடம் இருக்குற வரைக்கும்.

இப்ப அந்த 16,000 டேபிள் கேஸ எடுத்துக்கோங்க. டிப்ளாய்க்கு முன்னாடி பேக்கப் எடுக்கணும்னு போஸ்ட்கிரெஸோட பேக்கப் டூல் பிஜிடம்ப்ப ஓட்டுறீங்க. அது ஒரே டிரான்ஸாக்ஷன்ல எல்லா டேபிளையும் பூட்டிட்டுதான் வேலைய ஆரம்பிக்கும். ஆறாயிரத்துச் சொச்சத்துல பட்டியல் நெறஞ்சிடும். வர்ற எரர்: "அவுட் ஆஃப் ஷேர்டு மெமரி". இதப் பாத்ததும் ஜிபி கணக்குல பெரிய இன்ஸ்டன்ஸுக்கு மாறிட்டு, அதே எரர் திரும்ப வர்றதப் பாத்து திகைச்சு நிப்பாங்க. மெஷின்ல மெமரி சும்மா கெடக்கும், நெறஞ்சது அந்தப் பட்டியல் மட்டும்தான். கீழயே ஒரு குறிப்பு வரி இருக்கும், 'மேக்ஸ் லாக்ஸ் பெர் டிரான்ஸாக்ஷன்' செட்டிங்க ஏத்துங்கன்னு, அவசரத்துல அத யாரும் படிக்கறதில்ல. அத ஏத்திட்டு டேட்டாபேஸ ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணணும், அவ்ளோதான். ஒரே டிரான்ஸாக்ஷன்ல எல்லா வாடிக்கையாளர் ஸ்கீமாவுக்கும் நெடுவரிசை சேக்குற மைக்ரேஷனும் இதே மாதிரிதான் விழும், ஸ்கீமா ஒண்ணுக்கு ஒரு டிரான்ஸாக்ஷன்னு பிரிச்சா பிரச்சனையே வராது.

பாதில செத்தா என்ன ஆகும்ங்கறது டேட்டாபேஸப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸ்ல டேபிள் உருவாக்குறது, மாத்துறது எல்லாம் டிரான்ஸாக்ஷனுக்குள்ள வரும், பாதில விழுந்தா மொத்தமும் பழையபடி ஆயிடும். மைஎஸ்கியூஎல்ல அமைப்ப மாத்துற ஒவ்வொரு கமாண்டும் தானாவே கமிட், அதாவது நிரந்தரமா பதிவு, ஆயிடும், அதனால 50 மாத்தத்துல 30வதுல விழுந்தா 29 உள்ள நிக்கும், திரும்ப ஓட்டினா "டேபிள் ஏற்கனவே இருக்கு"ன்னு புதுசா ஒரு எரர் வரும். போஸ்ட்கிரெஸ்லயும் ஒரு விலக்கு உண்டு: மத்தவங்கள நிறுத்தாம பின்னணில இன்டெக்ஸ் கட்டுற முறைய டிரான்ஸாக்ஷனுக்குள்ள ஓட்ட முடியாது, அது பாதில நின்னா செல்லாத இன்டெக்ஸ் ஒண்ணு அப்படியே கெடக்கும். அது படிக்க உதவாது, ஆனா டேபிள்ல ஒவ்வொரு தடவ எழுதும்போதும் சுமையா இருக்கும், நாமதான் தேடி நீக்கணும்.

### ஸ்டார்ட் ஆகுற நேரம்

அதிகமா பேர் விழுறது இங்கதான். ஹைபர்னேட் மாதிரி ஓஆர்எம் (டேபிள்களையும் கோட்ல உள்ள க்ளாஸ்களையும் இணைக்கிற லைப்ரரி) ஸ்டார்ட் ஆகும்போது ஒவ்வொரு என்டிட்டியையும், அதாவது டேபிளுக்கான க்ளாஸையும், படிச்சு, உறவுகள இணைச்சு, அதுக்கான எஸ்கியூஎல்ல எல்லாம் முன்கூட்டியே தயார் பண்ணி மெமரில வெச்சுக்கும். க்ளாஸும் டேபிளும் ஒத்துப்போகுதான்னு பாக்குற 'வேலிடேட்' ஆன்ல இருந்தா டேட்டாபேஸ் கிட்டயும் போய் விசாரிக்கும். டேபிள் டேபிளா விசாரிக்கிற மாதிரி செட் ஆயிருந்து, 800 டேபிள், ஒவ்வொண்ணுக்கும் 3 கேள்வி, போய்ட்டு வர 5 மில்லிசெகண்ட்னா வெறும் நெட்வொர்க் காத்திருப்பே 12 செகண்ட். லேப்டாப்ல டேட்டாபேஸ் அதே மெஷின்ல இருக்கறதால இந்தக் காத்திருப்பே கண்ணுக்குத் தெரியாது.

இப்ப ஒரு பாட் சாகுறத செகண்ட் செகண்டா பாப்போம். ஸ்டார்ட் ஆக ஒரு முழு கோர்ல 8 செகண்ட் சிபியூ வேலை, பாடுக்கு கொடுத்தது 0.2 சிபியூ. அப்போ 40 செகண்ட் ஆகும். லைவ்னெஸ் ப்ரோப்னு ஒண்ணு, ஆப் உயிரோட இருக்கான்னு 10 செகண்டுக்கு ஒரு தடவ தட்டிப் பாக்கும், தொடர்ந்து 3 தடவ பதில் வரலன்னா கன்டெய்னர மூடிடும். இதுவும் டிஃபால்ட்டே. அதாவது ஏறக்குறைய 30வது செகண்ட்ல, முக்கால்வாசி வேலை முடிஞ்ச நிலைல, கதை முடிஞ்சது. திரும்ப முதல்ல இருந்து. ஒவ்வொரு தடவையும் அடுத்த முயற்சிக்கு முன்னாடி 10, 20, 40 செகண்ட்னு இடைவெளி ஏறிட்டே போயி 5 நிமிஷத்துல நிக்கும். திரையில தெரியுறது "க்ராஷ்லூப்பேக்ஆஃப்". ஆப் ஒரு தடவ கூட க்ராஷ் ஆகல, அதுக்கு நேரம் கொடுக்கல, அவ்ளோதான்.

இதுக்கு மேல, மைக்ரேஷனும் ஆப் ஸ்டார்ட்டோட சேந்தே ஓடுதுன்னா நிலைமை இன்னும் மோசம். மைக்ரேஷன் ஓட்டுற டூலான லிக்விபேஸ் ஆரம்பிக்கும்போது ஒரு டேபிள்ல "நான் ஓடிட்டிருக்கேன்"னு குறிச்சு வைக்கும், முடிஞ்சதும் அழிக்கும். பாதில கொன்னா குறிப்பு அப்படியே நின்னுடும். அடுத்து எழும்புற பாட் அந்தக் குறிப்பப் பாத்துட்டு காத்திருக்கும், டிஃபால்ட்டா 5 நிமிஷம், அதுக்கப்புறம்தான் பூட்டு கிடைக்கலன்னு எரர் கொடுக்கும். ஆனா லைவ்னெஸ் ப்ரோப் 30 செகண்ட்லயே கொன்னுடுறதால அந்த எரர் வெளிய வரவே வராது. மெமரிய ஏத்தினாலும் சிபியூவ ஏத்தினாலும் இப்ப தீராது, அந்த ரோவ கையால விடுவிச்சாதான் வழி பிறக்கும்.

ஜாவால மெமரி கணக்கும் தனி. ஜாவாவ ஓட்டுற ஜேவிஎம் டிஃபால்ட்டா கன்டெய்னர் மெமரில கால்வாசியத்தான் ஹீப்பா எடுத்துக்கும். 1 ஜிபி கொடுத்தா ஹீப் 256 எம்பி. பெரிய ஸ்கீமாவுக்கு அது பத்தாம "அவுட் ஆஃப் மெமரி"ன்னு ஜாவாவே சொல்லும், அப்போ கன்டெய்னர்ல நெறைய இடம் காலியா கெடக்கும். சரின்னு ஹீப்ப முழு 1 ஜிபிக்கு ஏத்தினா அதுவும் தப்பு, ஏன்னா நூத்துக்கணக்கான என்டிட்டிக்கு உருவாகுற க்ளாஸ்கள், த்ரெட் ஸ்டாக் எல்லாம் ஹீப்புக்கு வெளிய இருக்கு, மொத்தம் வரம்பத் தாண்டி கர்னல் கொன்னுடும். 60, 70 சதவீதத்துல ஆரம்பிச்சு அளந்து பாக்குறது நல்லது.

### ஓடிட்டு இருக்கும்போது

டிப்ளாய் பச்ச காட்டிடுச்சு, ரெண்டு நாள் கழிச்சு டேட்டாபேஸ் மெமரி மெல்ல ஏறி விழுது. போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி ப்ராசஸ், அது தொட்ட டேபிள்களோட அமைப்பத் தனக்குன்னு ஒரு காப்பியா வெச்சுக்கும், அதுக்கு மேல்வரம்பு கிடையாது. பூல்ல (திரும்பத் திரும்பப் பயன்படுத்த திறந்தே வெச்சிருக்குற கனெக்ஷன் தொகுப்பு) இருக்குற கனெக்ஷன் நாள் முழுக்க வாழும், ஒவ்வொரு வாடிக்கையாளர் ஸ்கீமாவையும் ஒரு தடவயாவது தொட்டுடும், அப்படியே 50 கனெக்ஷனும் 16,000 டேபிள் விவரத்தத் தனித்தனியா சுமக்க ஆரம்பிக்கும். கனெக்ஷனுக்கு ஆயுள் வெச்சு அப்பப்ப மூடித் திறந்தா அந்த மெமரி திரும்ப வரும்.

## எது தட்டுச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது

1. முதல்ல கட்டத்தக் கண்டுபிடிங்க. இமேஜே உருவாகலையா, டெம்ப்ளேட் நிராகரிப்பா, மைக்ரேஷனா, ஸ்டார்ட்டப்பா. இதுலயே பாதி வேலை முடிஞ்சது.

2. எக்ஸிட் கோட் 137னு பாத்ததும் மெமரின்னு முடிவு கட்டாதீங்க. 137ங்கறது 128ம் 9ம், அதாவது சிக்னல் 9ஆல செத்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். ப்ரோப் தோத்து, மூடச் சொல்லி, 30 செகண்ட் அவகாசத்துலயும் மூடலன்னா அப்பவும் 137தான். பாடோட கடைசி நிலைல காரணம் "ஓஓஎம்கில்டு"ன்னு இருந்தா மெமரி. வெறும் "எரர்"னு இருந்து, ஈவென்ட்ஸ்ல லைவ்னெஸ் தோல்வின்னு இருந்தா நேரம்.

3. சாகுற நேரத்தக் குறிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் அச்சு பிசகாம அதே செகண்ட்ல செத்தா அது டைம் அவுட்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மெமரி சாவு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்.

4. லேப்டாப்லயே அதே வரம்ப போட்டு ஓட்டிப் பாருங்க. டாக்கர்ல மெமரியையும் சிபியூவையும் கட்டுப்படுத்தி ஓட்ட முடியும். கிளவுட்ல பத்து தடவ ஏத்தி இறக்குறத விட இது எவ்ளவோ மேல்.

## என்ன மாத்தலாம்

ஒண்ணே ஒண்ணுதான் மாத்த முடியும்னா, மைக்ரேஷன ஆப் ஸ்டார்ட்ல இருந்து பிரிச்சு தனி ஜாபா (குபர்னெட்டிஸ்ல ஒரு தடவ ஓடி முடியுற வேலை) ஓட்டுங்க. அதுக்கு லைவ்னெஸ் ப்ரோப் வைக்க வேண்டியதில்ல, தனி மெமரி கொடுக்கலாம், மூணு பாட் ஒரே நேரத்துல அடிச்சுக்கவும் வேண்டாம். ஆனா ஜாபுக்கும் தோத்தா 6 தடவ வரைக்கும் திரும்ப ஓட்டுற டிஃபால்ட் இருக்கு, மைஎஸ்கியூஎல்னா அத 0ஆ வெச்சுட்டு கையால பாக்குறதுதான் பாதுகாப்பு.

அடுத்து ஸ்டார்ட்டப் ப்ரோப். குபர்னெட்டிஸ் 1.20ல இருந்து, அதாவது 2020 கடைசில இருந்து, இது நிலையான வசதி. இது ஜெயிக்கற வரைக்கும் லைவ்னெஸ் ப்ரோப் பேசாம இருக்கும். 10 செகண்டுக்கு ஒண்ணா 30 முயற்சின்னு வெச்சா 5 நிமிஷம் அவகாசம் கிடைக்கும். லைவ்னெஸையே 5 நிமிஷத்துக்கு நீட்டுறவங்க இருக்காங்க, அது வேண்டாம், அப்புறம் நிஜமாவே ஆப் தொங்கிப் போனாலும் 5 நிமிஷம் யாருக்கும் தெரியாது.

சிபியூவ ரொம்பக் கஞ்சத்தனமா கொடுக்காதீங்க. ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் வேலை எகிறும், அப்புறம் அடங்கிடும், சராசரி பயன்பாட்ட மட்டும் பாத்து 0.2னு வெச்சா அந்த முதல் நிமிஷத்துக்கு அது பத்தவே பத்தாது.

ஓஆர்எம்ல, தேவையான என்டிட்டிய மட்டும் ஏத்துறது, ஸ்டார்ட்ல நடக்குற வேலிடேட்ட நிறுத்திட்டு அந்தச் சோதனைய பில்ட் பைப்லைனுக்கு நகர்த்துறது ரெண்டும் நல்லா பலன் கொடுக்கும். டாட்நெட்ல என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 6ல, 2021ல, மாடல முன்கூட்டியே கம்பைல் பண்ணி வைக்கிற வசதி வந்துச்சு, நூத்துக்கணக்கான என்டிட்டி உள்ளவங்களுக்காகவே செஞ்சது அது.

வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்கீமாங்கற டிசைன் மட்டும் கொஞ்சம் தனியா யோசிக்க வேண்டியது. பத்து இருபது பேருக்கு அது ரொம்ப வசதி, ஒருத்தர் டேட்டா இன்னொருத்தர் கிட்ட கலக்காது. ஆயிரத்த நோக்கிப் போற ஆப்னா, ஒரே டேபிள்ல வாடிக்கையாளர் ஐடி நெடுவரிசையோட ரோ அளவுல பிரிக்கிறதோ, இல்ல நூறு நூறு பேரா தனித்தனி டேட்டாபேஸ்ல வைக்கிறதோ, இத 50 வாடிக்கையாளர் இருக்கும்போதே மாத்திடணும். 400ல மாத்தணும்னா, அந்த மாத்துற மைக்ரேஷனே மேல சொன்ன எல்லா வரம்பையும் தாண்டித்தான் ஓடணும்.